தினமும் திரும்பி வந்த வருடம்

என் மகளை முதல் கல்லூரிக்கு அனுப்பியபோது, கடலுக்கு அனுப்புவதைப் போலத்தான் அனுப்பினோம். இது எங்கள் தெருக்காரர்களுக்கு உடனே புரியும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பாம்பனில் எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் கடலுக்குப் போகிறவர் ஒருவராவது இருப்பார். என் கணவர் விசைப்படகு ஓட்டுகிறார். சொந்தப் படகு இல்லை. காலையில் போனால் மறுநாள் காலையில் கரைக்கு வருவார். நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். அஞ்சல் வழியில் படித்துப் பட்டம் வாங்கியவள். நான் கடற்கரையைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊரில் பிறந்தவள் என்பதால், கல்யாணமாகி வந்த புதிதில் இந்தத் தெருவின் வழக்கங்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதில் முதலாவது, கடலில் இருக்கிறவர்களிடம் கரையின் தொல்லையைச் சொல்லக் கூடாது என்பது.

மகளுக்கு மூன்று வயதில் காய்ச்சல் கூடி வலிப்பு வந்தது. ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அன்றைக்கு அவர் கடலில். படகிலிருந்து ஒயர்லெஸ்ஸில் கேட்டபோது அவருடைய அண்ணன், "இங்கன எல்லாரும் சொகம், நீ வலையப் பாரு" என்று சொல்லிவிட்டார். மறுநாள் கரையேறிய பிறகுதான் இவருக்கு விஷயம் தெரிந்தது. கோபப்படுவார் என்று பயந்தேன். "சொல்லியிருந்தா மட்டும்? வலைய அத்துவிட்டுட்டு நீந்தியா வந்திருப்பேன்?" என்றார். அதே மாதிரி, நடுக்கடலில் எஞ்சின் நின்று அரை நாள் நீரோட்டத்தில் போனதை ஒரு வாரம் கழித்துச் சோறு சாப்பிடும்போது வேடிக்கைக் கதையாகச் சொன்னார். கடலின் தொல்லையைக் கரைக்கும் சொல்வதில்லை. இந்த வழக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. எதுவும் செய்ய முடியாத இடத்தில் இருப்பவரைக் கலக்கி என்ன பயன்?

மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினிப் பிரிவில் இடம் கிடைத்தது. கணினி வேண்டும் என்று அவள் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எல்லாரும் அதைத்தான் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது பேருந்தில் என் கணவர் சொன்னார்:

"தெனம் போன் போட்டு வீட்டுக் கதைய எல்லாம் கொட்டாத. அங்கன இருக்கிற பிள்ளை மனசு கலங்கிரும். சொகமான்னு கேளு, வச்சிரு."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தினமும் சாயங்காலம் பேசினோம்.

"சாப்பிட்டியாத்தா?"

"சாப்ட்டேம்மா. நீங்க?"

"ஆச்சு. படிப்பெல்லாம்?"

"நல்லாப் போகுதும்மா. அய்யா கடலுக்குப் போயிருக்காகளா?"

"போயிருக்காக."

அவ்வளவுதான். வீட்டில் என் மாமனாருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்ததை அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. வகுப்பில் நடத்துவது ஒன்றும் புரியவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் பள்ளியிலேயே கணினிக்கு நிரல் எழுதிப் பழகி வந்திருந்தார்கள். பாடமெல்லாம் ஆங்கிலத்தில் வேகமாக ஓடியது. சந்தேகம் கேட்க எழுந்து நின்றவளின் பேச்சைக் கேட்டுப் பின்வரிசையில் யாரோ சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் எழுந்து நிற்கவே இல்லை. முதல் தேர்வில் ஒரு பாடத்திலும் தேறவில்லை. சாப்பாட்டுக்கூடத்துக்குப் போவதை நிறுத்தி, அறையில் பிஸ்கட் தின்றுகொண்டு இருந்திருக்கிறாள். அந்த நாட்களிலும் "சாப்ட்டேம்மா" என்றுதான் சொன்னாள். எங்கள் பிள்ளை; எங்கள் வழக்கத்தில் வளர்ந்தவள்.

ஒருநாள் காலையில் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தபோது விடுதிக் காப்பாளர் போன் செய்தார். "உங்க பொண்ணு ஊருக்கு வந்துட்டாளா?" என்று கேட்டார். முந்தின நாள் சாயங்காலம் பையுடன் வெளியே போனவள் திரும்பவில்லை. அவள் எண்ணுக்குப் போட்டால் அணைத்து வைத்திருந்தாள்.

அந்தக் காலைப்பொழுதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. பிள்ளைகளை உதவியாளரிடம் விட்டுவிட்டுக் கணவரின் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் முதலில் சொன்னது இதைத்தான்: "அவன் கடல்ல கெடக்கான். அவன்ட்ட ஒண்ணும் சொல்லிக்கிற வேண்டாம்." நான் தலையாட்டினேன். பிறகு போலீஸுக்குப் போவதா, கோயம்புத்தூருக்குப் போவதா என்று தெரியாமல் வாசலில் நின்றேன்.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது. எங்கள் தெருவிலிருந்து ராமநாதபுரத்துக்குக் கருவாடு கொண்டுபோய் விற்கும் அக்கா பேசினார்.

"பதறாமக் கேளு. ஒம் மக இங்கன பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கா. ராமேஸ்வரம் பஸ்ஸு வருது போகுது, ஏற மாட்டேங்குறா. டீ வாங்கிக் குடுத்துப் பக்கத்துல உக்கார வச்சிருக்கேன். கருவாட்டு நாத்தத்துல மூக்கப் பொத்துறா, அதனால நல்லாத்தான் இருக்கா. நீ வா."

போனேன். கூடைக்குப் பக்கத்தில், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அய்யாகிட்ட சொல்லிட்டிகளா?" என்பதுதான். "இல்லத்தா" என்றேன். அவளுக்கு அதுதான் ஆறுதலாக இருந்தது. ஏன் நேராக வீட்டுக்கு வரவில்லை என்று திரும்பும் வழியில் கேட்டபோது, "இங்கன வரைக்கும் வந்துட்டேன். பாலம் தாண்ட முடியல" என்றாள்.

மறுநாள் கரையேறிய என் கணவரிடம் சொன்னேன். அவர் வாசலில் நின்றபடியே கேட்டார். உள்ளே போய்ப் படுத்திருந்த மகளைப் பார்த்துவிட்டு வந்தார். "ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு சில மாதங்கள் அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஞாயிறு பூசைக்குக் கூட வரவில்லை. மாதா கோயில் வாசலில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "லீவா? எப்பத் திரும்பப் போறா?" என்று கேட்பார்கள். என் நாத்தனார், கணவரின் தங்கை, நேராகவே பேசினாள்.

"மதினி, படிப்பு ஏறலன்னா விட்டுருங்க. மண்டபத்துல ஒரு பையன் இருக்கான், ஐஸ் கம்பெனி வச்சிருக்காக. பொண்ணு பிளஸ் டூ போதுங்கிறாக."

"அவளுக்கு இன்னும் பத்தொம்பதே ஆகல."

"பத்தொம்பதுல ஒங்களுக்கு அவ இடுப்புல இருந்தா."

எனக்கு அப்போது இருபத்து மூன்று. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவள் இனி படிக்கவே மாட்டாளோ என்பதுதான் அப்போது என் பயம். அதற்கும் அடியில் இன்னொரு பயம் இருந்தது. இன்னொரு தடவை வெளியூருக்கு அனுப்பினால், அந்தத் தடவை கருவாட்டுக்கார அக்கா அங்கே இருக்க மாட்டார்.

தொழில் கற்றுத்தரும் சமுதாயக் கல்லூரி என்ற பேச்சை எடுத்தவரும் அந்த அக்காதான். அவருடைய மருமகள், பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ளவள், ராமநாதபுரத்தில் அப்படி ஒன்றில் படித்துக்கொண்டிருந்தாள். "பெரிய கேட்டு, பஸ்ஸெல்லாம் இருக்காது. மாடியில நாலு ரூமு. ஆனா எம் மருமக ரத்தத்தப் பார்த்து சுகர் சொல்லுறா" என்றார்.

மகளைச் சம்மதிக்க வைக்க நான் எதுவும் பேசவில்லை. "சும்மா பாத்துட்டு வருவோம், எனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்கு" என்றேன். கீழே ஜவுளிக்கடை, மேலே கல்லூரி. பொறுப்பாளராக இருந்த அம்மா அவள் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவு வாங்கியவள் ஏன் இங்கே வந்தாள் என்று கேட்கப்போகிறார் என நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"தினமும் பாம்பன்ல இருந்து போய் வந்துடுவியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு, "பிடிக்கலன்னா?" என்றாள்.

"இது ஒரு வருஷம்தான். பிடிக்கலன்னா டிப்ளமோவோட நின்னுக்கலாம், ஒரு கைவேலை தெரிஞ்சிருக்கும். பிடிச்சா மதுரையில எங்களோட சேர்ந்த காலேஜ்ல இதே படிப்புக்கு டிகிரி இருக்கு. இங்க படிச்ச வருஷத்தைச் சேர்த்துக்குவாங்க, நேரா ரெண்டாவது வருஷம் போயிடலாம். இப்பவே எதையும் முடிவு பண்ண வேண்டாம்."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் மகள் நிமிர்ந்து பார்த்தாள். கோயம்புத்தூரில் சேர்த்தபோது நான்கு வருடத்தையும் முதல் நாளிலேயே முடிவு பண்ணியிருந்தோம்.

மருத்துவ ஆய்வக நுட்பம் என்ற படிப்பில் சேர்த்தோம். கட்டணம் எங்களால் முடிகிற அளவுதான். வகுப்பில் பள்ளி முடித்து வந்தவர்கள் பாதி. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் ஒரு தாய், திருப்புல்லாணிப் பக்கத்து விவசாய வீட்டிலிருந்து படிப்பை இடையில் விட்டுவிட்டு வந்த ஒரு பையன், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஒரு பெண் என்று மீதிப் பேர். இவர்கள் எல்லாரும் எங்கேயோ ஒரு தடவை நின்றுபோய்விட்டு வந்தவர்கள். என் மகளின் கதை அங்கே யாருக்கும் கதையாகத் தெரியவில்லை. பாடத்தை முதலில் தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்தில் சொல்வார்களாம். பேசும் தமிழும் எங்கள் பக்கத்துத் தமிழ்தான். எழுந்து நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நாத்தனாருக்குச் செய்தி போனது. "காலேஜா, டுட்டோரியலா?" என்று கேட்டாள். "ரெண்டும் மாதிரி" என்றேன்.

முதல் சில நாட்கள் சாயங்காலம் வந்ததும் பையை வைத்துவிட்டு, "நல்லாப் போச்சும்மா" என்பாள். கோயம்புத்தூரிலிருந்தும் அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் நான் நகரை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் குந்தியவள், திடீரென்று, "இன்னைக்கு ரொம்ப அசிங்கமாப் போச்சும்மா" என்றாள். நான் கையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் நிறுத்திவிடுவாள் என்று தோன்றியது.

"என்னாச்சு?"

"ஊசி போடப் பொம்மைக் கை குடுத்தாக. எனக்கு நரம்பே ஆப்புடல. மூணாவது தடவையில ஊசி அந்தப் பக்கம் வந்திருச்சு."

"பொம்மைதான?"

"பொம்மைதான். ஆனா அந்த விவசாயி பையன் அதப் பாத்து மயங்கி விழுந்துட்டான். பொம்மைக்கு ஊசி போட்டதுக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். எத்தனை மாதம் கழித்துச் சிரித்தாள் என்று நான் எண்ணவில்லை. உள்ளேயிருந்து என் கணவர் குரல் கொடுத்தார்: "வந்ததும் வராததுமா என்ன பொலம்பல் அங்க?" மகளின் முகம் சுருங்கியது. நான் எழுந்து உள்ளே போய், கையில் மீன் செதிலோடு அவரிடம் சொன்னேன்: "புலம்பட்டும். அவ இப்பக் கரையில இருக்கா. நம்மளும் கரையிலதான் இருக்கோம்." கடலுக்குப் போகாத அடுத்த கரைநாளில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, பேச்சு காதில் விழும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

அப்படித்தான் அந்த வருடம் போனது. காலையில் ஏழு மணி வாக்கில் பேருந்து. சாயங்காலம் திரும்பி வந்ததும் அன்றைய தொல்லை அன்றைக்கே வெளியில் வந்துவிடும். பெரும்பாலும் சின்னத் தொல்லைகள். கண்ணாடித் தகடு உடைந்தது, ஒரு பெயர் வாயில் நுழையவில்லை, யாரோ கோபமாகப் பேசினார்கள். கோயம்புத்தூரிலும் முதலில் இவ்வளவு சின்னதாகத்தான் ஆரம்பித்திருக்கும். அங்கன்வாடியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளை முதல் வாரம் பத்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். அழுதுகொண்டு போகிற பிள்ளை மறுநாள் தானாக வரும் என்று எனக்குத் தெரியும். பதினெட்டு வயதுக்கும் அது பொருந்தும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லையோ தெரியவில்லை.

என் கணவரின் கை அவளுக்குப் பயிற்சிக் கை ஆனது. ஊசி கிடையாது, ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தொட்டுப் பார்ப்பது மட்டும்.

"அய்யா, கைய மூடுங்க. ஒங்களுக்கு நரம்பு கயிறு மாதிரி இருக்கு. கண்ண மூடிக்கிட்டே எடுத்துருவேன்."

"கண்ண மூடிக்கிட்டு எடுக்கவா காசு கட்டிப் படிக்க வச்சேன்?"

"அம்மா கையில ஒண்ணுமே தெரியல."

"ஒங்கம்மா எதையும் வெளிய காட்ட மாட்டா."

முதல் பருவத் தேர்வில் ஒரு பாடத்தில் தேறவில்லை. அன்றைக்கே வந்து சொன்னாள். "பரவாயில்லத்தா" என்றேன். மறுநாள் சாயங்காலம் வழக்கமான பேருந்தில் அவள் இல்லை. பாலத்துப் பக்கம் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. நான் நிறுத்தத்தில் நின்றேன். இறங்கியவர்கள் எல்லாரும் போன பிறகும், படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். நடத்துநர், "ஏறணுமா, இல்லையாம்மா?" என்றார். அவள் எண்ணுக்குப் போட்டேன். இரண்டாவது தடவை எடுத்தாள்.

"எங்கத்தா இருக்க?"

"காலேஜ்லதாம்மா. தேறாத அஞ்சு பேரையும் மேடம் உக்கார வச்சு முதல்ல இருந்து நடத்துறாக. அடுத்த பஸ்ல வாரேன். சொல்ல மறந்துட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க அழுகுறிகளா?" என்றாள்.

"காத்து" என்றேன்.

அடுத்த பேருந்தில் வந்தாள். அந்தப் பாடத்தை மறு தேர்வில் முடித்தாள். தேறாதவர்களை உட்கார வைத்துச் சொல்லித் தர ஒருவருக்கு நேரம் இருந்தது என்பதை நான் இன்றைக்கும் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஐந்து பேர் என்று எண்ணிவிடக்கூடிய அளவில் வகுப்பு இருந்ததால்தான் அது முடிந்தது.

வருடக் கடைசியில் ராமநாதபுரத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் பயிற்சிக்குப் போனாள். அங்கேயே வேலைக்கு இருந்துகொள்ளச் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். தினமும் வீட்டுக்கு வருவாள், போதும். அவள்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"நான் மதுரைக்குப் போகப் போறேம்மா. டிகிரி முடிக்கணும்."

"விடுதியிலயா?"

"வேற எங்க?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் குழம்புச் சட்டியைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் பத்துக் காரணம் இருந்தது. எல்லாம் ஒரே காரணம்தான்.

"எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு. பிடிச்சிருக்குன்னு தெரிஞ்சிட்டுத்தான் போறேன்" என்றாள்.

கொண்டுபோய் விட்டோம். இந்தத் தடவை திரும்பும்போது என் கணவர் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. பரமக்குடி தாண்டிய பிறகு, "போன் சார்ஜு இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

முதல் இரண்டு நாள் சுருக்கமாகப் பேசினாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"இட்லிய எறிஞ்சா மண்டை ஒடையும்மா. ரூம்ல ஒருத்தி விடிய விடிய போன் பேசுறா. ஒரு மேடம் நான் பேசினதக் கேட்டுட்டு எந்த ஊருன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாக. நேத்து பாத்ரூம்ல போய் அழுதேன்."

"இப்ப?" என்றேன்.

"இப்ப இல்ல. இன்னைக்கு லேப்ல ரத்தம் எடுக்கச் சொன்னாக. நேரா இங்கயே மொத வருஷம் படிச்சவளுகள்ல பாதிப் பேரு இன்னும் உசுரு உள்ள கையைத் தொட்டதில்ல. என்னையக் கூப்பிட்டு எடுத்துக் காட்டச் சொன்னாக. ஒரே குத்து."

என் கணவர் போனைப் பிடுங்கினார். "சாப்பிட்டியா?" என்றார். பழக்கம் விடவில்லை. பிறகு கொஞ்சம் தயங்கி, "இங்கன எஞ்சின் படுத்துருச்சுத்தா. இந்த வாரம் தொழிலுக்குப் போகல. ஒங்க அப்பத்தாவுக்கு முட்டு வலி, படுத்தே கெடக்கு" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மகள் அங்கிருந்து எஞ்சினைப் பற்றி ஏதேதோ கேள்வி கேட்டாள். இருவரும் நெடுநேரம் பேசினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். நண்டு வாங்கிச் சுத்தம் செய்து வைத்தேன். மதியம் கூப்பிட்டு, "வரலம்மா, திங்கக்கெழமை டெஸ்ட்டு. இங்கனயே இருந்து படிக்கிறேன். கோவிச்சுக்காதீக" என்றாள்.

"சரித்தா" என்றேன்.

நாத்தனாரைக் கூப்பிட்டு நண்டைக் கொடுத்தேன். சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "வரலையா அவ? ஏன், என்னவாம்?" என்றாள், ஏதோ நடந்திருக்கும் என்ற ஆவலோடு.

"படிக்கணுமாம்" என்றேன்.

அதைச் சொல்லிவிட்டுக் கலக்கம் எதுவும் இல்லாமல் வீட்டுக்குள் வந்து படுத்தேன். அவள் இல்லாத வீட்டில் பட்டப்பகலில் நான் நிம்மதியாகத் தூங்கியது அன்றைக்குத்தான்.